கப்பலில் ஒரு பால் காபி

என் கணவருக்குக் கப்பலில் போகும் ஆசையே கிடையாது. "கடலப் பாக்கக் காசு குடுக்கணுமாக்கும்? மணமேல்குடியில பொறந்தவனுக்கு அது ஓசியாக் கெடச்சதும்மா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் டிக்கெட்டை எடுத்துவிட்டாள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு, திரும்ப அங்கேயே வந்து இறங்க வேண்டும். எந்த ஊருக்கும் போய்ச் சேராத பயணத்துக்கு எதற்குக் கப்பல் என்று இவர் அதற்கும் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார். மகளிடம் வாய் கொடுத்து ஜெயிக்க எங்கள் வீட்டில் ஆளில்லை.

"அப்பா கல்ஃப்லேருந்து ஒரேயடியா வந்து ரெண்டு வருஷமாச்சு. நீங்க ரெண்டு பேரும் சேந்து எங்கிட்டாச்சும் போனீங்களா?" என்று போனில் கேட்டாள். போயிருந்தோம், ரேஷன் கடைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும். அதையா சொல்ல முடியும்?

பிரச்சினை டிக்கெட்டோடு முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி கூப்பிட்டாள். அன்றைக்குப் பொன்னமராவதியிலிருந்து என் அண்ணனும் மதினியும் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அண்ணன் உரக்கடை வைத்திருப்பவர். உலகத்தில் எதற்கும் அவரிடம் யோசனை உண்டு, கேட்க வேண்டியதில்லை.

"அம்மா, டிரிங்க்ஸ் பேக்கேஜ் வேணுமான்னு கேக்குறாங்க. ஏறுறதுக்கு முன்னாடியே வாங்குனா வெல கம்மி" என்றாள் மகள்.

ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. "டிரிங்க்ஸா? மாப்பிள்ள எப்பயிருந்து?" என்று அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாண வீட்டில் சோடா உடைக்கும் சத்தம் கேட்டாலே நகர்ந்து உட்காரும் என் கணவர் கூச்சத்தில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மகள் விளக்கினாள். பேக்கேஜ் இரண்டு வகை. மது உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. இல்லாததில் ஜூஸ், கூல்டிரிங்க்ஸ், மெஷினில் போடும் காபி, இன்னும் கலர் கலராக என்னென்னவோ, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். பேக்கேஜ் இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீரும், வெந்நீரில் முக்கிக் குடிக்கும் டீப் பையும் சும்மா கிடைக்கும். மற்ற எதைத் தொட்டாலும் காசு. கூடவே ஒரு நிபந்தனை. ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும். ஒருவர் பேரில் வாங்கி இருவரும் குடிப்பதைத் தடுக்கத்தான். எங்களை மாதிரி ஆட்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம் போலிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அர டஜன் எலுமிச்சம்பழமும் சீனியும் எடுத்துட்டுப் போங்க. தண்ணிதான் ஓசியாச்சே" என்றார் அண்ணன்.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து தலை நரைத்தவள். போட்டது வருமா என்று பார்க்காமல் என்னால் ஒரு காரியம் செய்ய முடியாது. அதையும் பார்த்தேன். ஆளுக்குத் தினம் ஏழு ஜூஸாவது குடித்தால்தான் கட்டுப்படியாகும் என்று வந்தது. கொல்லையிலிருந்து திரும்பி வந்த கணவரிடம் சொன்னேன்.

"ஏழு ஜூஸ் குடிச்சா நான் பாத்ரூம் சன்னல் வழியாத்தான் கடலப் பாக்கணும்" என்றார்.

கணக்குப்படி வேண்டாம் என்பதுதான் பதில். அண்ணனும் அதையே சொன்னார், மதினியும் தலையாட்டினார். ஆனால் எனக்குள் வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இந்த மனுஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர் வெளியில் எதையும் வாங்கிக் குடிக்க மாட்டார். சித்திரை வெயிலில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நன்னாரி சர்பத் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, "வீட்டுல போயித் தண்ணி குடிச்சுக்குவோம்" என்பார். எனக்கும் மகளுக்கும் வாங்கிக் கொடுப்பார், தனக்கு மாட்டார். விலைப்பலகை இருக்கும் இடத்தில் அவருக்குத் தாகம் எடுக்காது. இருபது வருஷத்துக்கு மேல் கல்ஃபில் இருந்து வீடு கட்டி, மகளைப் படிக்க வைத்து, கல்யாணமும் பண்ணி வைத்தவர். அந்த வீட்டில் தனக்கென்று ஒரு நல்ல நாற்காலி வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை கிடையாது, எரிச்சல்தான்.

பணம் முன்னாலேயே போய்விட்டால் பார்ப்பதற்கு விலை இருக்காது. அப்போதாவது இவர் வாயைத் திறந்து தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கிக் குடிப்பாரா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதனால் அந்த நிபந்தனையையே பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஜூஸ் வேணுங்க. நான் வாங்குனா ஒங்களுக்கும் வாங்கணுமாம். என்ன பண்றது?" என்றேன்.

எனக்கு வேண்டும் என்றால் அவர் மறுக்க மாட்டார். "வாங்கிக்க" என்றார். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

துறைமுகத்தில் பைகளை ஸ்கேனரில் விட்டபோது காவலர் எங்கள் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஆறு எலுமிச்சம்பழம். எனக்குத் தெரியாமல் இவர் வைத்திருக்கிறார். "கப்பலுக்குத் திருஷ்டி சுத்தப் போறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் பழங்களை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். நான் கடலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

கப்பல் கிளம்பியதும் மேல்தளத்தில் நல்ல காற்று. சாய்வு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தட்டும் கையுமாக ஒரு பெண் வந்தாள். வடகிழக்குப் பக்கத்து முகம், முப்பது வயதிருக்கும். குடிக்க ஏதாவது வேண்டுமா என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள்.

"நோ நோ, இட்ஸ் ஓகே" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போயே போய்விட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஏன் வேண்டாம் என்றேன்? எங்கள் பக்கத்தில் அது ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் தடவை கேட்டதும் சரி என்று சொல்லிவிடக் கூடாது. "இப்பத்தான் குடிச்சிட்டு வாரோம்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் விடாமல் கேட்பார்கள். "எதுக்கு ஒங்களுக்குச் சிரமம்?" என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போது, "சரி, அர டம்ளர் போதும்" என்றால் முழு டம்ளர் வரும். கேட்கிறவருக்கும் இது தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும். முதல் கேள்வியோடு விட்டுவிட்ட வீட்டைப் பற்றித் திரும்பி வரும் வழியெல்லாம் பேசுவோம். கப்பல்காரர்களுக்கு இது எப்படித் தெரியும்? வேண்டாம் என்றால் வேண்டாம்.

இவர் நிலைமை என்னுடையதைவிட மோசம். எனக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம்தான். இவருக்குக் கல்ஃபில் கற்ற இந்தி தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பெண் அடுத்த சுற்றில் இவரிடம் வந்ததும், நெஞ்சில் கைவைத்து, பணிவாக, இலக்கண சுத்தமான இந்தியில் வேண்டாம் என்றார். எங்கள் ஊர் மறுப்பை இந்தியில் சொன்னால் அது மறுப்பாகவே போய்விடுகிறது. சாயங்காலம் வரை அவள் மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் புதிதாகக் கேட்டாள், மூன்று முறையும் இவர் புதிதாக மறுத்தார். எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு, ஓசித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொன்னமராவதிக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

மறுநாள் காலை இவர் கைப்பிடிக் கம்பி ஓரமாகப் போய் நின்றபோது நான் அந்தப் பெண்ணைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வேண்டாம் என்பார், நீ போய்விடாதே. மறுபடி கேள். மறுபடியும் வேண்டாம் என்பார். அப்போதும் போகாதே. மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில்.

அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க அம்மாவும் இதே மாதிரிதான் மேடம்" என்றாள்.

இவர் வந்து உட்கார்ந்தார். அவள் கேட்டாள், இவர் நெஞ்சில் கைவைத்தார். அவள் இன்னொரு தடவை கேட்டாள், சிரமம் வேண்டாம் என்றார். அவள் நகரவே இல்லை. குனிந்து, ஏதாவது ஒன்று குடிக்கத்தான் வேண்டும் என்று இந்தியில் சொன்னாள். இவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பிறகு அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அதில் காபியும் பாலும் மட்டும் எனக்குப் புரிந்தன.

வந்தது பெரிய கோப்பை. மேலே நுரை மேடு தட்டியிருந்தது. இவர் இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார்.

"என்னங்க இது? நீங்கதான் கட்டன் குடிக்கிற ஆளாச்சே?" என்றேன். பால் இல்லாத டீயைத்தான் கல்ஃபில் கட்டன் என்பார்கள். வந்த நாளிலிருந்து வீட்டில் அவருக்கு அதுதான்.

"அங்க ரூமுல எட்டுப் பேரு. பாலு செலவு எதுக்குன்னு எல்லாரும் கட்டன்தான். பழகிருச்சு."

"சரி, இங்க வந்தப்புறம்?"

"வந்த அன்னிக்கு நீ கேட்ட, பால் ஊத்தவா, கட்டனான்னு. கட்டனே போதும்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் நீ கேக்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஒங்க எதுக்கதான தெனமும் நான் பால் காபி குடிச்சேன்? ரெண்டு வருஷமா வேடிக்கையா பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்று கத்தினேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கோப்பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, "மணம் நல்லாருக்கும்" என்றார்.

அதைக் கேட்டதும் கோபம் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டுப் பேர் படுத்த அந்த அறையில் இவரை யார் இரண்டாவது தடவை கேட்டிருப்பார்கள்? கேட்க ஆளில்லாத இடத்தில், முதல் தடவை சொன்னதையே இவர் இருபது வருஷம் குடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தும் அதையே குடித்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காற்றிலிருந்த உப்பு கண்ணில் பட்டது என்று இவர் நினைத்திருக்கலாம்.

அதன்பிறகு கப்பல் நன்றாக இருந்தது. அன்று சாயங்காலம், சின்னக் காகிதக் குடை குத்திய பச்சை நிறத் தண்ணீர் ஒன்றை அந்தப் பெண் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "ஷாம்பு மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தார். இறங்குகிற நாள் காலையில் அவள் தூரத்தில் வரும்போதே இவர் கையைத் தூக்கினார். அவள் கேட்பதற்கு முன்னால், பால் அதிகமாக ஒரு காபி என்றார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் ஜூஸ் குடித்தேனா என்றால், ஏதோ குடித்தேன். ஏழெல்லாம் முடியவில்லை.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு லீவு நாளில் பொன்னமராவதி போனோம். நாங்கள் வாசலில் கால் வைப்பதற்குள், "அந்தப் பேக்கேஜு லாபமா நட்டமா? அதச் சொல்லு மொதல்ல" என்றார் அண்ணன்.

நான் பதில் சொல்வதற்குள் மதினி வந்து இவரிடம், "அண்ணே, காபி போடட்டுமா?" என்று கேட்டார். மணி மூன்றுதான் இருக்கும். அவர்கள் வீட்டுக்கு மாட்டுப்பால் வருவது சாயங்காலம். காலைப் பாலை மதினி மத்தியானமே உறை ஊற்றிவிடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். முதல் தடவைதானே, வேண்டாம் என்பார், பேசிக்கொண்டிருந்தால் பால் வந்துவிடும் என்ற தைரியத்தில்தான் மதினி கேட்டார்.

"போடும்மா. பால் நெறையா ஊத்தி" என்றார் என் கணவர்.

மதினி அப்படியே நின்றார். அண்ணனைப் பார்த்தார். "கட்டன் போடட்டுமாண்ணே? ஒங்களுக்கு அதான புடிக்கும்?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

"இல்லம்மா, பால் காபிதான் புடிக்கும்."

கூச்சத்தில் என் காது சுட்டது. அதே நேரம் எழுந்து நின்று கைதட்டலாம் போலவும் இருந்தது. ஒன்றும் புரியாத அண்ணன், லுங்கியை மாற்றாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு பால் பாக்கெட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். அவர் திரும்பி வந்து, பால் காய்ந்து, காபி வந்து சேர்ந்தபோது மணி நாலு. இவர் ஊதி ஊதி முழு டம்ளரையும் குடித்து முடித்தார்.

"லாபமா நட்டமான்னு இன்னும் சொல்லலையே" என்று அண்ணன் மறுபடி ஆரம்பித்தார்.

மதினி பாத்திரத்தோடு வந்து, "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமாண்ணே?" என்று கேட்டார். இவருக்குப் பழைய பழக்கம் எங்கிருந்தோ வந்துவிட்டது. கை நெஞ்சுக்குப் போனது. "போதும்மா, போதும்" என்றார். மதினி சரி என்று அடுப்படிக்குத் திரும்பினார்.

"மதினி, போகாதீங்க. இன்னொரு தடவ கேளுங்க" என்றேன்.