வட்டக்கானலில் ஒரு ஃபேன்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், என் தங்கை, பக்கத்து வீட்டு ஜீப்காரர். லேப்டாப்புக்குள் இருந்த தங்கையின் மேனேஜரம்மாவையும் சேர்த்தால் ஐந்து பேர்.

தங்கைக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. பல வருடம் சென்னையில் ஹாஸ்டல் சோறு தின்றவள், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அலுவலகம் சொன்னதும் எங்களிடம் வந்துவிட்டாள். பிறகு எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். இவள் கெஞ்சியதில் மேனேஜரம்மா ஒரு வழி சொன்னார். ஒரு முற்பகல் முழுக்கக் கேமராவை அணைக்காமல் வேலை செய்து காட்ட வேண்டும். சத்தமோ தடங்கலோ இல்லையென்றால் இங்கேயே இருந்துகொள்ளலாம்.

அவள் இருக்க வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் ஆசை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிற இரண்டு அறையும் காலியாகிவிட்டால் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது.

அவளுடைய லேப்டாப் பழையது. அதன் ஃபேன் ஜீப் மேடு ஏறுவதுபோல உறுமும். “பின்னாடி மிக்ஸி ஓடுதா?” என்று அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டார்கள். அதற்காகவே ஒரு மென்பொருளை இறக்கி வைத்திருந்தாள். எட்டாவதோடு நின்ற எனக்கு அதில் புரிந்தது கொஞ்சம்தான். ஒரு கோடு, அதில் சில புள்ளிகள். புள்ளியைக் கீழே இழுத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், மேலே தள்ளினால் வேகமாகச் சுற்றும். திரையின் மூலையில் சூடு எவ்வளவு என்று ஒரு எண் மாறிக்கொண்டே இருக்கும். எண்பதைத் தாண்டினால் சிவப்பாகிக் கூவும்.

அந்த எண் என்னைப் பிடித்துக்கொண்டது. சோற்றை வடித்துவிட்டு ஓடிவந்து பார்ப்பேன்.

“எழுபத்தொண்ணு வந்துருச்சுடி!”

“வரட்டும்க்கா. அது என்ன மனுசக் காய்ச்சலா?”

“எழுபத்தாறு!”

“நீ பாக்கப் பாக்கத்தான் அது ஏறுது. போய் ஒன் சோலியப் பாரு.”

ஒருநாள் அந்த எண்ணையே மூலையிலிருந்து எடுத்துவிட்டாள். கூவுவதையும் நிறுத்தினாள். “இனியாச்சும் நிம்மதியா இரு” என்றாள். நானும் இருந்தேன்.

கேமரா முன்னால் வேலை செய்து காட்ட வேண்டிய அன்று வெள்ளனே பனி இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பனிக்காலத்தில் உப்புக்கூட நீர் விட்டுவிடும், மேசை ஈரமாகவே கிடக்கும். அதனால் லேப்டாப்புக்கு அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போடுவது என் வழக்கம். அன்றும் போட்டேன். முதல் ஒரு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஃபேன் உறும ஆரம்பித்தது.

மேனேஜரம்மா வேறு அழைப்புக்குப் போன நேரத்தில், தங்கை மைக்கை அணைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்படி வாசலில் டீயோடு நின்ற ஜீப்காரர் சிரித்தார்.

“ஏம்மா, வட்டக்கானல்லயே ஃபேன் ஓடுற ஒரே வீடு ஒங்க வீடுதான். கொடைக்கானல் பூரா சுத்துறேன், ஒரு வீட்டு மோட்டுல ஃபேன் தொங்கிப் பாத்ததில்ல. இந்தக் குளிருக்கு அது எதுக்குங்கிறேன்?”

“அதானே, நிப்பாட்டு பாப்பா” என்றார் என் வீட்டுக்காரர். “வெளிய ஐஸ் மாதிரி கெடக்கு. சூடு எங்கிட்டு ஏறப்போவுது?”

“முழுசா நிப்பாட்டக் கூடாது மாமா. வேணும்னா கொறைக்கிறேன்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நிழலைக் கண்டாலும் பயப்படுகிறவள் நான். ஆனால் ஜீப்காரர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. பிறந்ததிலிருந்து ஃபேன் இல்லாத வீட்டில்தானே இருக்கிறேன். “கொறைச்சிருடி” என்றேன்.

எல்லாப் புள்ளிகளையும் கீழே இழுத்தாள். தகரத்தில் சொட்டுகிற பனித்தண்ணீர் கேட்கிற அளவுக்கு வீடு அமைதியானது. திரும்பி வந்த மேனேஜரம்மா, “இப்ப நல்லாருக்கும்மா, இதே மாதிரி பண்ணுங்க” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்கையின் விரல்கள் விறைத்திருந்தன. சூடு வெளியே போகாமல் இருந்தால் அவள் கைக்கு இதமாக இருக்குமே என்று, கேமராவில் தெரியாமல் குனிந்துபோய், கம்பளியின் ஓரத்தை இழுத்து லேப்டாப்பின் பக்கவாட்டோடு அணைத்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்காமலே சிரித்தாள்.

ஆஸ்பத்திரிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோதே திரை கறுத்துவிட்டது. அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். தொட்டேன், தோசைக்கல். ஆறிய பிறகுதான் உயிர் வந்தது. அதற்குள் மேனேஜரம்மா போனில் சொல்லிவிட்டார்.

“ஒங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? திங்கக்கிழமை வந்துருங்க.”

தங்கை யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜீப்காரர்தான் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, “அழாதக்கா, சென்னையில தலைக்கு மேலயே ஃபேன் இருக்கு” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த எண் மூலையிலேயே இருந்திருந்தால் நான் கட்டாயம் கத்தியிருப்பேன். என் பதற்றம் தாங்காமல்தான் அவள் அதை எடுத்தாள். கண்டதற்கெல்லாம் பயப்படாமல் இருந்திருக்கலாம். இல்லையென்றால், அன்றைக்காவது பயந்திருக்கலாம்.

அலுவலகத்தில் அவளுக்கு வேறு லேப்டாப் கொடுத்துவிட்டார்கள். இங்கேயே விட்டுப்போன பழையதைப் பஜாரில் ஒரு பாய் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். ஃபேன் தேய்ந்துபோயிருந்ததாம், காற்றுப் போகிற வழியெல்லாம் கம்பளிப் பஞ்சு அடைத்திருந்ததாம். புது ஃபேன் போட்டு ஓட விட்டுக் காட்டினார். சத்தமே இல்லை. அனுப்பி வைக்கவா என்று தங்கையிடம் கேட்டால், “எனக்கெதுக்குக்கா, நீயே வச்சுக்க” என்கிறாள். எனக்கு மட்டும் எதற்கு? “எடுத்துட்டுப் போங்கம்மா, காசு மெல்லக் குடுங்க” என்று பாய் சொல்லத்தான் செய்கிறார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் இல்லாத மேசையில் வைக்க எனக்குத்தான் மனசு வரவில்லை. கடையிலேயே இருக்கிறது. பில்லில் ஆயிரம் ரூபாய் கொடுத்தாயிற்று, இன்னும் இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.