இடித்தால் திரும்பச் சீமெந்து

அச்சுவேலிச் சந்தையைத் தாண்டும்போதும் என் தலைமயிர் வெள்ளையாகவே இருந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர், "எந்த மில்லிலை வேலை, தம்பி?" என்று கேட்டார். மா என்று நினைத்துவிட்டார்.

"மில் இல்லை, அண்ணை. கூரை," என்றேன்.

அவர் மிதித்துக்கொண்டு போனார். நான் மருதனார்மடம் பக்கம் நடந்தேன்.

போர் நடந்த அந்த வருடங்களில் அரசாங்கத்தின் தடையால் குடாநாட்டுக்குள் சீமெந்து வருவதில்லை. அச்சுவேலியில் நான் வேலை செய்த வீட்டில் ஷெல் விழுந்து, ஒரு அறையின் கூரைக்குப் போட்டிருந்த அஸ்பெஸ்ரஸ் சீற் எல்லாம் நொறுங்கி, சீமெந்து நிலமும் பெயர்ந்துபோயிருந்தது. வீட்டுக்காரரின் மகளுக்கு அது பேறு மாதம். பிள்ளை பிறந்தால் துடக்குக் கழியும்வரை, முப்பத்தொரு நாளும், தாயும் பிள்ளையும் அந்த அறைக்குள்தான். கூரைக்குத் தென்னோலைக் கிடுகு கிடைத்தது. நிலத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"சீற்றைச் சீமெந்திலைதானே செய்யிறாங்கள்? இடிச்சால் திரும்பச் சீமெந்து," என்றார் வீட்டுக்காரர்.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் பிழை தெரியவில்லை. சாப்பாடும் படுக்க இடமும் தந்தார். நொறுங்கிய சீற்றை உரலில் போட்டு இடித்தேன், மா அரிக்கிற அரிதட்டால் அரித்தேன், குழைத்து நிலத்தில் பூசினேன். காய்ந்ததும் அது மறுபடி தூளாகிவிட்டது. மகள் கூட்டினாள். அறை முழுவதும் புகைபோல் எழும்பியது. வெளியே வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

பக்கத்து வளவில் ஒரு பழைய கப்பல்காரர் இருந்தார். கரையோர ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கப்பல் எஞ்சின் அறையில், சூடு வெளியே போகாமல் குழாய்களுக்கு அஸ்பெஸ்ரஸ் சுற்றிக் கட்டியவர். வேலியடிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி இரண்டு தரம் நின்றார்.

"எடேய், உந்தச் சீற்றை இடியாதை. உந்தத் தூள் நெஞ்சுக்குள்ளை போனால் திரும்பி வராது. என்னைப் பார்."

"உங்களுக்குச் சுருட்டாலை வந்தது, அண்ணை," என்றார் வீட்டுக்காரர்.

"சுருட்டு நான் பத்தினதே இல்லை. பேரப்பிள்ளையை உந்தத் தூளுக்குள்ளையோ கிடத்தப் போறாய்?"

"பின்னை, வெறும் மண்ணிலையோ?"

"மண்ணிலை கிடத்து. நான் மண்ணாலை இப்பிடி ஆகேல்லை."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ இடி. இன்னும் தடிப்பாய்ப் பூசுவம்."

கப்பல்காரருக்கு மூச்சு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உலக்கையைச் சுவரில் சாத்தினேன்.

"அப்ப நட," என்றார் வீட்டுக்காரர்.

நான் படலையைத் திறக்கும்போது கப்பல்காரர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கூட்டாதை, பிள்ளை. தண்ணி தெளிச்சு விடு. மேலை சுண்ணாம்புச் சாந்து போட்டால் அடங்கும்."

"சுண்ணாம்புக்கு எங்கை போறது, மாமா?" என்று அவள் கேட்டாள். தலையில் படிந்த அந்தத் தூளோடுதான் தெருவில் இறங்கினேன்.

அன்றிரவு மருதனார்மடச் சந்தைக் கொட்டகையில் படுத்தேன். விடிந்ததும் விசாரித்துக்கொண்டு ஒரு சுண்ணாம்புச் சூளைக்குப் போய் வேலை கேட்டேன்.

"எரிஞ்ச கல்லு அள்ளுவியோ? கை வெந்துபோம்," என்றார் சூளைக்காரர்.

"அள்ளுவன். முதல் ஒரு கிழமைக்குக் கூலி வேண்டாம். சுண்ணாம்பாய்த் தாங்கோ, அச்சுவேலிக்கு அனுப்ப வேணும்."

"வீடு கட்டுறியோ? உன்னைப் பாத்தால் பாய்கூட இல்லாதவன் மாதிரிக் கிடக்கு."

"ஓம், பாயும் இல்லை."

பின்னேரம் அச்சுவேலிக்கு ஒரு வண்டில் போகிறது, ஒரு மூட்டை ஏற்றலாம், ஆனால் அதை நான்தான் அள்ளி நிரப்ப வேண்டும் என்றார். மண்வெட்டி எங்கே என்று கேட்டேன்.