எழுப்பிப் பார்க்கிற ஜோசலின் அக்கா

எங்கள் கம்பெனியில் பள்ளிச் சீருடை தைக்கிறோம். குரோம்பேட்டையில் கட்டடம், கீழே வெட்டுவதும் தைப்பதும், மாடியில் முதலாளி கேசவன் சாரின் அறை. மேடவாக்கம் தொடங்கி கூடுவாஞ்சேரி வரை முப்பத்தொரு பள்ளிகளுக்கு நாங்கள்தான். ஜனவரி, பிப்ரவரியில் பிள்ளைகளை அளவெடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவோம். ஏப்ரலும் மேயும் அதைப் பார்த்துத் தைத்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும். சாம்பிள் தயார் செய்து பள்ளிக்காரர்களிடம் காட்டுவது என் வேலை. ஜோசலின் அக்காவின் வேலை என்னவென்று ஆறு வருஷமாக எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு முடிச்சூரில், கணவர் ஃபிரெடி பள்ளி வேன் ஓட்டுகிறார். இருபது வருஷத்துக்கு முன்னால் டேப்பும் கையுமாகப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளை அளக்கும் பெண்ணாகத்தான் இங்கே சேர்ந்தார். அப்போது கம்பெனியும் முடிச்சூரில் ஒரு தரைத்தளத்தில் இருந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் வெள்ளம் உள்ளே வந்து அந்த முறை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த அளவு நோட்டுகள் எல்லாம் கூழாகிவிட்டன. பள்ளிகள் திறந்ததும் மறுபடி போய் அளந்தார்கள். அக்கா மட்டும் தொள்ளாயிரம் பிள்ளைகளை இரண்டாம் முறை அளந்தாராம். அதற்குப் பிறகுதான் தாம்பரத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்தார். சர்வர் வைத்துக் கொடுத்த ஆள் ஒரு தாளில் பாஸ்வேர்டுகளை எழுதி நீட்டிவிட்டுத் துபாய்க்குப் போனபோது, அந்தத் தாளை வாங்கிக்கொள்ள முன்வந்தது அக்கா ஒருவர்தான்.

அந்த சர்வர் பார்வைக்கு ஒரே பெட்டி. உள்ளே மூன்று மெஷின்கள் இருக்கின்றன, ஒரே வீட்டில் மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்ட மாதிரி. ஒன்றில் அளவுகள், ஒன்றில் பில்கள், ஒன்றில் வருகைப் பதிவு. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் ஒவ்வொன்றும் தனிக் கம்ப்யூட்டர் போலவே வேலை செய்யும். தினமும் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு இந்த மூன்றும் அப்படியே முழுசாக நகலாகி, மாடியில் கேசவன் சாரின் அறையில் இருக்கும் இன்னொரு பெட்டிக்குப் போய்விடும். கீழேயே வைத்தால் என்ன என்று சார் கேட்டதற்கு, தண்ணீர் மாடியேறாது சார் என்று அக்கா சொன்னாராம். அது போதாதென்று இன்னொரு நகலை ஒரு டிஸ்க்கில் போட்டு, சனிக்கிழமைதோறும் கைப்பையில் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் கேலி செய்திருக்க மாட்டோம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, மாடியிலிருக்கும் நகலை அதில் ஓடவிட்டுப் பார்ப்பார். ஏதாவது ஒரு பிள்ளையின் தோள் அளவு, கை நீளம் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்புவார். இதற்கு அவர் வைத்த பெயர் எழுப்பிப் பார்ப்பது. நன்றாகத் தூங்குகிற குழந்தையை எதற்கம்மா எழுப்புகிறாய் என்று கேசவன் சார் மாதம் தவறாமல் கேட்பார். நான் அவருக்கு அலாரம் அக்கா என்று பெயர் வைத்தேன். அதை மற்றவர்களும் பிடித்துக்கொண்டதில் எனக்குப் பெருமை வேறு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அந்த நகல் எழவில்லை. நகல் எடுத்தாயிற்று என்று தினமும் திரையில் பச்சை டிக் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எடுத்த நகல் எதற்கும் ஆகாததாக இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்தார். மதியச் சாப்பாட்டின்போது எங்களிடம் அதைச் சொன்னார்.

“நகல் எடுத்தா மட்டும் போதாது தீபா. அது எழுந்து வேலை செய்யுதான்னு பாக்கணும்.”

நான் ஊறுகாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளச் சொன்னேன்.

போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணி. வேளச்சேரிப் பள்ளி ஒன்றின் தாளாளர் பன்னிரண்டுக்கு சாம்பிள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஸ்கர்ட்டின் மடிப்புகளை அயர்ன் செய்யப் போன நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சர்வர் இருக்கும் தடுப்பறையில் யூபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒரு பிளக் பாயின்ட் காலியாக இருந்தது. அயர்ன் பாக்ஸை அதில் சொருகினேன். அது லேசாகச் சூடேறுவதற்குள் யூபிஎஸ் நீளமாக ஒரு சத்தம் போட்டு அணைந்தது. கூடவே சர்வரும் அணைந்தது. நான் ஸ்கர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது, சர்வர் வரவில்லை. அக்கா உள்ளே போய் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்து, டிஸ்க் போய்விட்டது என்றார். பதினோராயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் அளவு அதில் இருந்தது. பள்ளிகள் எல்லாம் லீவு, பாதிப் பிள்ளைகள் சொந்த ஊரில். மறுபடி அளக்க வழியே இல்லை. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கேசவன் சார் கீழே வந்து நின்றார். அவர் கேலி பேசாமல் நின்றதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகமானது. நைஸாகப் போய் அயர்ன் பாக்ஸை எடுத்துவிடலாம் என்று தடுப்பறைக்குள் நுழைந்தேன். அங்கே அது இல்லை. யாரோ பார்த்துவிட்டார்கள்.

அக்கா பதறவே இல்லை. பழைய கம்ப்யூட்டரை மூலையிலிருந்து இழுத்துவந்து, மாடிப் பெட்டியிலிருந்து முந்தின நாள் நகலை அதில் இறக்க ஆரம்பித்தார். திரையில் சதவீதம் ஏறியது. பத்து ஏறுவதற்குக் கால் மணி நேரம் ஆனது. கட்டிங் மாஸ்டர் கதிரேசன் கத்திரிக்கோலோடு வாசலில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, அளவு கீதா, பூட்ச்சா? ஒரு வார்த்த சொல்லிட்டீன்னா நான் வூட்டுக்காவது போவேன்.”

“நில்லுங்கண்ணா. போன சனிக்கிழமை எழுந்துச்சு, இன்னிக்கும் எழும்” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டரை மணிக்கு எழுந்தது. வழக்கமான திரை, வழக்கமான பட்டியல். செம்பாக்கம் பள்ளி, நான்காம் வகுப்பு, பி பிரிவு. அக்கா பட்டியலை அச்செடுத்து நீட்ட, கதிரேசன் முதல் பெயரை வாய்விட்டுப் படித்தார். தோள் பன்னிரண்டு, கை ஏழரை. படித்துக்கொண்டே மேஜைக்குப் போய் வெட்ட ஆரம்பித்தார். தையல் மெஷின்கள் மறுபடி ஓடின. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

புதிதாகச் சேர்ந்து, அன்று காலையில் ஏற்றிய அறுபத்து மூன்று பிள்ளைகளின் அளவு மட்டும் நகலில் இல்லை. அளவு எழுதிய சீட்டுகள் பத்திரமாக இருந்தன. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே உட்கார்ந்து அதை ஏற்றி முடித்தேன். நாலரைக்குக் கேசவன் சார் எல்லோருக்கும் சமோசாவும் டீயும் வரவழைத்தார். அக்கா எழுந்து வரவில்லை. பழைய கம்ப்யூட்டர், எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும், முதலில் இதற்கு நகல் எடுக்க ஏற்பாடு செய்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய டீயை நான் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுப் போக முடியவில்லை.

“அக்கா, யூபிஎஸ்ல அயர்ன் பாக்ஸ் சொருகினது நான்தான்.”

“தெரியும். உள்ள போனதும் அதைத்தான் முதல்ல பாத்தேன். கரண்ட் வந்ததும் சூடாயிருந்துச்சு, ஆற வெச்சு உன் டிராயர்ல போட்டுட்டேன்.”

“அப்பவே ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா எல்லாரும் உன்னைத்தான் பாத்துக்கினு நிப்பாங்க, எனக்கு வேலை ஓடாது.” டீயை ஒரு வாய் குடித்தார். “நீ இல்லன்னா வேற யாராவது ஒரு நாள் எதையாவது பண்ணத்தான் போறாங்க. நானே பண்ணலாம். மனுஷங்க யாருமே தப்பு பண்ணமாட்டாங்கன்னா நான் எதுக்கு நகல் எடுக்கறேன்?”

அவர் மறுபடி திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நாலு சதவீதம் ஆகியிருந்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் செய்ததைக் கேசவன் சாரிடம் சொல்லிவிட்டு வர மாடிக்குப் போனேன்.