அடிப்பிடித்த பருப்பும் இத்தாலிய வகுப்பும்

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்த எங்கள் ஈழத்து ஆட்களுக்கு மடிக்கணினி பழக்கினேன். இத்தாலிய மொழி வகுப்புகள் இணையத்தில் நடக்கத் தொடங்கியிருந்தன. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் அந்த வகுப்புக்குள் நுழைவது எப்படி என்றே பலருக்குத் தெரியாது.

என்னிடம் பழகியவர்களில் ஒருவர் முல்லைத்தீவு அக்கா. பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் வேலை. இத்தாலிய மொழி நன்றாக விளங்கும். வாய் மட்டும் திறக்கமாட்டார். “பிழையாக் கதைச்சாச் சிரிப்பினம்” என்பார்.

முதல் வகுப்பன்று, பலெர்மோவின் போர்கோ வெக்கியோ பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன். பட்டுச் சேலை கட்டி, பால்கனியில் பறித்த மல்லிகையைத் தலையில் வைத்து, கணினிக்கு முன்னால் இருந்தார். “கமெராவில தெரியுமெல்லே?” என்றார். மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் நாங்கள் கதைப்பது யாருக்கும் கேட்காது என்று காட்டிக்கொடுத்தேன்.

ஆசிரியை இறந்தகால வினைகளை விளக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து தீய்ந்த மணம் வந்தது. பருப்பைப் பார்க்கும் பொறுப்பு அக்காவின் கணவருடையது. அக்கா மைக்கை மூட நினைத்து அவசரமாக அதன் படத்தை அழுத்தினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது, அழுத்தியதும் திறந்துகொண்டது.

“இஞ்சாருங்கோ, பருப்பு எரியிறது மணக்கேல்லையோ? மூக்கை எங்கை வைச்சிட்டு இருக்கிறியள்?”

“மேட்ச் பாத்துக்கொண்டிருந்தனான்” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

நான் கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். பலனில்லை. திரையில் இருந்த முகங்களெல்லாம் நிமிர்ந்தன.

“சிஞ்ஞோரா, என்ன நடந்தது?” என்று ஆசிரியை இத்தாலியத்தில் கேட்டார்.

அக்கா மைக் படத்தைப் பார்த்தார்; சிவப்புக் கோட்டைக் காணவில்லை. பிறகு கோபம் வெட்கத்தைத் தள்ளிவிட்டதோ என்னவோ, இத்தாலியத்திலேயே தொடங்கினார். பருப்பை அடுப்பில் வைத்தேன், பார்க்கச் சொன்னேன், அவர் மேட்ச் பார்த்தார், சட்டி கருகிவிட்டது. வினைகளில் பாதி பிழை. ஒருவரும் சிரிக்கவில்லை. மொரோக்கோப் பெண் ஒருத்தி தன் கணவர் எரித்த சட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஆசிரியை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மிச்ச வகுப்பை எரிந்த சட்டிகளை வைத்தே நடத்தினார்.

அடுத்த வாரம் அக்காவின் கணவர் என்னைத் தேடி வந்தார்.

“தங்கச்சி, என்னையும் அந்த வகுப்பில சேர்த்துவிடு. என்ரை பக்கத்தை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“அதுக்கு இத்தாலியத்தில கதைக்கவேணுமே, அண்ணை.”

“ஓம், அதைப் பழகத்தானே வாறன்.”

இருவரையும் ஒரே கணினிக்கு முன்னால் இருத்தினால் வகுப்பு உருப்படாது. அண்ணையை என் மடிக்கணினிக்கு முன்னால் இருத்தி, கடவுச்சொல் அடிப்பதிலிருந்து தொடங்கினேன்.