முஸ்தகீம் பாயின் இடுப்பு

சுவர்க் கடிகாரத்தை மடியில் கவிழ்த்துப் போட்டு, முதுகு மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் முஸ்தகீம். கடிகாரம் எங்கள் வீட்டுடையது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர், குழந்தையை ஒரு நிமிடமும் கடிகாரத்தைக் கால் மணி நேரமும் பார்த்தார். "நல்ல மூடி. நகத்தாலயே தொறக்கலாம். எவனோ யோசிச்சி செஞ்சிகீறான்" என்று சான்றிதழ் கொடுத்து மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது.

பாய்க்குப் பூந்தமல்லியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. உடம்புக்குள் வைக்கிற மின்கருவிகள் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அவர் வடிவமைப்பாளர், அவர் வடிவமைப்பதற்குக் கையேடு எழுதுகிறவன் நான். இப்போது அவர் கையில் இருப்பது தீராத கால்வலிக்காரர்களுக்கான கருவி. முதுகெலும்பை ஒட்டி ஒரு மெல்லிய வயர் போகும். அதன் நுனியிலுள்ள மின்முனைகள் நரம்பைச் சீண்டி வலியை மறக்கடிக்கும். இடுப்பில், தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. வழக்கமான கருவிகளில் பேட்டரி தீர்ந்தால் பெட்டியையே எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். அதன் விலையைக் கேட்டால் கால்வலியே தேவலை என்று எழுந்து போய்விடுவார்கள். பாய் செய்த பெட்டிக்கு மூடி உண்டு. தோலைச் சின்னதாகக் கீறி, மூடியைத் திருகி, பேட்டரியை மட்டும் மாற்றித் தைத்துவிடலாம்.

"பேட்டரின்றது விருந்தாளி மாமே. அது கெளம்பும்போது ஊட்டையே இடிச்சி அனுப்புவியா?" என்பார்.

அறுவை சிகிச்சையில் கையுறை வழுக்கும் என்பதற்காக, கையுறையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மூடியைத் திறந்து பழகுவார். தோல் உரிக்காத ஆட்டுத் தொடை வாங்கி, அதற்குள் பெட்டியைத் தைத்து, மறுபடி கீறிப் பார்ப்பார். "எலும்பு கேக்குறவங்க கீறாங்க, கொழுப்பு கேக்குறவங்க கீறாங்க. பேட்டரி போட்றதுக்குக் கறி வாங்கினு போறது இவுரு ஒர்த்தருதான்" என்று கறிக்கடை நஜீர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். பாய் வீட்டு பிரியாணியில் யாருக்கோ தையல் நூல் வந்ததாக ஒரு வதந்தியும் உலவுகிறது. சட்டைப்பையில் எந்நேரமும் ஓர் ஆறங்குல இரும்பு ஸ்கேல் இருக்கும். டீக்கடை வடையைக்கூட அளந்துவிட்டுத்தான் கடிப்பார்.

மூடி வைத்ததில் பெட்டி இரண்டு மில்லிமீட்டர் தடித்துப்போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அறையைப் பெருக்க வந்த பொன்னியம்மா, மேசையிலிருந்த மாதிரிப் பெட்டியை எடுத்து, எங்கே வைப்பது என்று கேட்டார். பாய் படத்தைக் காட்டினார். பொன்னியம்மா அதைத் தன் வலது இடுப்பில் வைத்துப் பார்த்து, "இங்க வெச்சா பாவாட நாடாவ எங்க பாய் கட்றது?" என்று கேட்டுவிட்டு, துடைப்பத்தோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார். படத்தை வரைந்து, சரிபார்த்து, ஒப்பமிட்ட பதினோரு பேரும் பேண்ட் போடுகிற ஆண்கள். கையேட்டில் அந்த இடத்துக்கு 'வசதியான பகுதி' என்று பெயர் சூட்டியவன் நான்.

மறுநாளிலிருந்து பாய் பெட்டியைத் தன் இடுப்பில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, அதன்மேல் நாடாவை இறுக்கி முடிந்து, அதற்கும் மேல் பேண்ட் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார். வானகரத்தில் ஒரு துணிக்கடை வாசலில் காவலாளியின் சோதனைக் கருவி அவர் இடுப்பருகே கீச்சிட்டது. "ஒண்ணும் இல்ல நைனா, உள்ள வெக்கிறத வெளிய வெச்சிகினு கீறேன்" என்று விளக்கினார். அதன்பிறகு அவரை உள்ளே விட அரைமணி நேரம் ஆனது. அவர் மனைவி ஜஹானாரா என்னிடம் தனியாக விசாரித்தார். "மூணு பாவாடைல நாடாவக் காணோம். கேட்டா ஆபீஸ் வேலன்றாரு. இன்னா ஆபீஸுண்ணே அது?"

மேலாளர் உதயகுமாரிடம் இதற்கு எளிய வழி இருந்தது. "மூடியத் தூக்கிருங்க. எல்லாரையும் மாதிரி ஒட்டி மூடிருவோம், தடிமன் கொறஞ்சிரும்" என்றார். மூடி போனால் பாயின் இரண்டரை வருட உழைப்பும் போயிற்று. கால்வலிக்காரர்களும் பழையபடி விலையைக் கேட்டு எழுந்து போவார்கள். "மூடி இருக்கட்டும் சார். பெட்டிய நாலு விரல் கீழ எறக்கிக்கலாம், வயர நீட்டிக்கலாம்" என்று பாய் மன்றாடினார். வயர் போகும் வழியை முடிவு செய்ய வேண்டியவர் அறுவை சிகிச்சை டாக்டர். அவர் போன வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. "வர்றது லேடி டாக்டர். அவங்க முன்னாடி நாடா கீடான்னு பேசி மானத்த வாங்காதீங்க பாய்" என்று உதயகுமார் இரண்டு முறை எச்சரித்தார். பாய் இரண்டு முறையும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

சொன்னபடி டாக்டர் கிருஷ்ணப்பிரியா வந்தார். ஐம்பது வயது, கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, வளவளப் பேச்சு கிடையாது. பெட்டியைக் கையில் உருட்டிப் பார்த்து, "தடியா இருக்கே. மூடி அவசியந்தானா?" என்று கேட்டார்.

"எடுத்துடலாம் மேடம்" என்றார் உதயகுமார்.

பாய் எழுந்தார். சட்டையை வலப்பக்கம் மட்டும் தூக்கினார். பேண்டுக்கு மேலே பச்சை நாடா எட்டிப் பார்த்தது. நாடாவை விலக்கி, பிளாஸ்திரியை உரித்து, பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அது இருந்த இடத்தில் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. உதயகுமார் கூரையைப் பார்த்தார்.

"நாப்பது நாளு மேடம். பாவாட முடிச்சி பட்டுப் பட்டு இப்டி ஆயிருச்சி. தப்பு மூடி மேல இல்ல, எடத்து மேல. இந்தப் பக்கம் நாலு விரல் கீழ இன்னொன்னு ஒட்டிகினு கீறேன். அங்க ஒரு கீறலு இல்ல. அதக் காட்ட முடியாது, நீங்க நம்பித்தான் ஆவணும்."

டாக்டரின் கை தானாக அவர் வலது இடுப்புக்குப் போனது. சேலைக்கு மேலேயே விரல்கள் முடிச்சைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒரு விரல், இரண்டு விரல் என்று கீழே இறங்கின. பாய் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பியபடியே சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை உருவி, கையை மட்டும் பின்னால் டாக்டரிடம் நீட்டினார்.