திரும்பி வர ஒன்று

அன்று செமோர் டவுன் சைக்கிள் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரச் சீனர், அவரைத் தவுக்கே என்போம். கல்லாவில் அவர் மனைவி. என் அக்கா. நான். வாசல் தூணில் சாய்த்து வைத்த மச்சானின் சைக்கிள், இரண்டு டயரிலும் காற்றில்லாமல். மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். அவர் செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடையில் காற்றடிக்கிற பம்பு மூன்று இருந்தன. நம்பி வைத்துக்கொள்ள ஒன்றை எடுக்க வந்திருந்தோம்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு வழக்கம். ஆள் போய்விட்டால் அவர் சைக்கிளில் காற்றை இறக்கிவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஏற்றமாட்டார்கள். போனவர் அதில் ஏறி, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வந்துவிடுவார் என்று பயம். நான்தான் இறக்கினேன். ஆனால் அக்காவால் பதினாறு நாள் பொறுக்க முடியவில்லை. எழுபதுகளின் கடைசி அது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். மச்சான் முன்பே பால்வெட்டை விட்டுவிட்டு ஜெலாப்பாங்கில் ஒரு பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வேலையை அக்காவுக்குத் தருவதாகச் சொன்னார்கள், திங்கட்கிழமை வந்து நின்றால். இல்லாவிட்டால் வேறு ஆள். போக அந்தச் சைக்கிளை விட்டால் வேறு வண்டி இல்லை. லயத்தில் ஒருவரும் பம்பு தரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தப்பா எடுத்துக்காத தங்கச்சி. வேற சைக்கிள்னா நானே அடிச்சுத் தாரேன் லா. அதுக்கு மட்டும் கேக்காத."

மச்சான் கடைசியாகக் காற்றடித்ததும் அந்த அண்ணனின் பம்பில்தான். மச்சானுக்கு ஒரு முறை உண்டு. பெரட்டு மணி அடித்து ஆள் கணக்கெடுக்கும் முன்பே எழுந்துவிடுவார். பின் டயருக்கு இருபத்தேழு அடி. நிறுத்துவார். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு அடி. அது எதற்கு என்று கேட்டேன். "இருவத்தேழு போறதுக்கு. ஒண்ணு திரும்பி வாரதுக்கு" என்றார். முடிந்ததும் பம்பின் கைப்பிடியை மேலே இழுத்து நிறுத்திவைப்பார். கீழே விட்டால் தோல் வாஷர் ஒட்டிக்கொள்ளுமாம். அவர் செத்த அன்று காலை, இருபத்தேழாவது அடியில் அந்த வாஷர் கிழிந்துவிட்டது. இருபத்தேழோடு போனார். திரும்பும் வழியில் பின் டயர் இறங்கிவிட்டது. வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரை மரம் ஏற்றின லோரி அடித்தது. சைக்கிளில் ஒரு கீறல் இல்லை.

தவுக்கே முதலில் பளபளவென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அக்கா குழாய் வாயை விரலால் அடைக்க, நான் அமுக்கினேன். குழாய் தவளை மாதிரி உப்பியது. இரண்டாவது கால் வைக்குமிடத்தில் ஆடியது. மூன்றாவது பழைய சரக்கு. இரும்பு உடம்பு, மரக் கைப்பிடி, மேலெல்லாம் தூசி. அமுக்கினதும் என் கையை மேலே தள்ளியது. உள்ளே காற்று நின்றால் அப்படித்தான் தள்ளும். நல்ல பம்புக்கு அதுதான் அடையாளம். "இது தஹான் லா, ரொம்ப நாள் தாங்கும்" என்றார் தவுக்கே. கைப்பிடியைக் கீழே அமுக்கி வைத்துவிட்டுக் கட்டுவதற்குக் கயிறு எடுக்கப் போனார். அக்கா குழாயை விட்டுவிட்டாள். வாய் திறந்து தரையில் கிடந்தது. ஒருவர் கையும் பம்பில் இல்லை. கைப்பிடி மெதுவாக மேலே வந்து நின்றது. தவுக்கேயின் மனைவி பார்த்துவிட்டாள். கன்டோனீஸில் ஏதோ முணுமுணுத்தாள். தவுக்கே உடனே, பளபளப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், குழாய் மாற்றித் தருகிறேன் என்றார். அக்கா கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதான்" என்றாள்.

திங்கட்கிழமை விடிகாலை அவளே அடித்தாள். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. இருபத்தேழில் நிறுத்திக் கைப்பிடியைக் கீழே அமுக்கிவிட்டாள்.

"இன்னொண்ணு அடி, அக்கா."

"அத நான் அடிக்க மாட்டேன் தம்பி. அது அவரு அடிக்கிறது."

சாப்பாடு எடுக்க உள்ளே போனாள். நான் தண்ணீர்த் தொட்டியருகே இருந்தேன். வாசலில் பம்பு ஒரு முறை அடித்தது. போய்ப் பார்த்தபோது யாரும் இல்லை. கைப்பிடி மேலே நின்றது. அக்கா வெளியே வந்தாள், டயரை அமுக்கிப் பார்த்தாள், ஏறிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தாள்.

லயத்தை இடிக்கும்வரை தினமும் அதுதான். அந்த நேரத்தில் வாசல் பக்கம் நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு காலை சத்தம் வரவில்லை. அக்கா நின்று பார்த்தாள். சாப்பாட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அன்று அந்தச் சாலையில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவள்தான் போகவில்லையே.

இப்போது ஈப்போவில் நாலாவது மாடியில் இருக்கிறோம். சைக்கிள் துருப்பிடித்துப் போய் வெகுகாலம். பம்பை மட்டும் அக்கா பால்கனியில் வைத்திருக்கிறாள். குழாய் இற்றுவிட்டது. வாஷர் தூளாகியிருக்கும். இன்று காலை அவளுக்கு ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கிறார்கள். பை கட்டியாகிவிட்டது. அக்கா பால்கனிக்குப் போய்க் கைப்பிடியைக் கீழே அமுக்கிவிட்டு வந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டாக்சி வந்திருச்சு லா, அக்கா."

"இரு தம்பி."

கீழே ஹார்ன் அடித்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பால்கனியில் சத்தம் கேட்டது. எண்ணினேன்.

ஒன்று.