படத்துக்குத் தெரியாத வெட்டு

என் தங்கையை ஊரில் படக்காரி என்பார்கள். சினிமா என்று நம்பி சான்ஸ் கேட்டு வந்தவர்கள்கூட உண்டு. அவள் காட்டுவது செயற்கைக்கோள் மேலிருந்து எடுக்கும் காட்டின் படம். போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து, எங்கே பச்சை போய் மண் தெரிகிறது என்று பார்க்க, காடு காக்கும் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் பிழைப்பு. பெயிண்ட் கடை மாடியில் ஒரு ஹால், ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள், அத்தனை லேப்டாப்புக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கூடப் பிறந்த பாவத்துக்கு ஒயர் இழுப்பவன் நான்.

எங்களுக்குத் தண்ணீர் தரும் மலைச்சரிவுக் காடு மொட்டையாகிவிடக் கூடாது. அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசையே அதுதான். முன்பெல்லாம் மரம் வெட்டுகிறார்கள் என்று யாராவது ஓடிப்போய்ச் சொன்னால் வன அலுவலகத்தில் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். நடையாய் நடந்து, படத்தை ஆதாரமாக ஒத்துக்கொள்ள வைத்தவள் இவள்.

மற்ற பயிற்சியாளர்கள் நைசாக விட்டுவிடும் ஒரு பாடத்தை இவள் கடைசி நாளில் நடத்துவாள்.

"படத்துல ஒரு புள்ளின்னா தரையில பத்து மீட்டர். தள்ளித் தள்ளி ஒத்தை மரமா வெட்டினா பக்கத்து மரத்தோட இலை மறைச்சிடும். படம் பச்சையாவே இருக்கும். அதனால மாசத்துக்கு ஒரு தடவையாவது நடந்து போய்ப் பாருங்க."

"உன் சரக்கு சொத்தைன்னு நீயே ஏன் சொல்றே?" என்று கிண்டல் செய்வேன்.

"எது தெரியாதுன்னு சொல்லலேன்னா நான் என்ன வாத்தியார்ண்ணா?"

ஒரு வகுப்பில் முன்வரிசையில் மர மில் கணக்கர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இயற்கை என்றால் உயிராம். அந்தக் கடைசிப் பாடத்தை மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னார். மில்லிலிருந்தே ஒருவர் திருந்தி வந்துவிட்டார் என்று இவளுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு இரண்டு வருடம் படத்தில் ஒரு கீறல் இல்லை. படமே சுத்தமாக இருக்கும்போது எதற்கு மலை ஏறுவது என்று குழுக்களும் நடப்பதை விட்டுவிட்டன. வகுப்புக்குப் போட்டோ எடுக்க அவள்தான் ஒருநாள் மலைக்குக் கிளம்பினாள், பை தூக்க நானும் போனேன். காட்டுக்குள் நுழைந்தோம். எங்கே பார்த்தாலும் வெட்டி மிஞ்சிய அடிமரங்கள், மேலே மண்ணும் சருகும் போட்டு மூடியவை. ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி. பெரிய மரமாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். அவள் ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இறங்கியதும் நேரே மில்லுக்குப் போனாள். கணக்கர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க சொல்லித் தரலேன்னா முதலாளி மொத்தமா வழிச்சிருப்பாரு. இப்ப பாதிக்கு மேல நிக்குதே, அது உங்க புண்ணியம்தான்."

அந்த ஆள் நக்கல் செய்யவில்லை, மனசார நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

வன அலுவலகத்தில் அதிகாரி அவள் சொன்னதைக் கேட்டார், போனில் எடுத்த போட்டோக்களைத் தள்ளிப் பார்த்தார்.

"இது எந்தக் காடுன்னு யாருக்கும்மா தெரியும்? செயற்கைக்கோள் படத்துல காட்டுங்க, நடவடிக்கை எடுக்கறேன். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே நீங்கதானே?"

அதற்குப் பிறகும் வகுப்பு எடுக்கிறாள். போன வாரம் கடைசி நாள், பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"டீச்சர், ஒத்தை ஒத்தையா வெட்டினா படத்துல தெரியுமா?"

"தெரியும்" என்றாள் என் தங்கை.

"அப்ப மலை ஏறி முட்டி தேய வேண்டாம்!" என்று அந்தப் பெண் சொல்ல, ஹாலே சிரித்தது. இவள் மறுக்கவில்லை. புரொஜெக்டரை அணைக்கச் சொல்லி எனக்கு ஜாடை காட்டினாள்.

எல்லோரும் போன பிறகு சத்தம் போட்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இனி ஒருத்தராவது நடந்து போய்ப் பார்ப்பாங்களா? நல்லவங்க கண்ணையும் சேர்த்துக் கட்டிட்டியே!"

அவள் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி சொன்னாள்: "இத்தனை பேர்ல மில்லுக்காரன் யாருன்னு எனக்குத் தெரியலையேண்ணா."